டீகோடர் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

மாடல் ரயில் எஞ்சினுக்குள் உட்கார்ந்து, கன்ட்ரோலரின் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்தான் டீகோடர். என் முதல் டீகோடர் நாலு வினாடிதான் உயிரோடு இருந்தது. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன், விளக்கு ஒருமுறை மின்னியது, அப்புறம் கருகல் வாசனை. இரண்டு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. டீகோடர் மேல் தப்பே இல்லை.

டிசிசி (தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) கன்ட்ரோலரை இணைத்து ஒரு ரயிலாவது ஓட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் ஓஓ என்ற மாடல் அளவு, அதாவது 16.5 மி.மீ. அகலத் தண்டவாளம். அதே அகலத் தண்டவாளத்தில் ஓடும் எச்ஓ அளவு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

படி 1: பெட்டியைப் படியுங்கள்

‘டிசிசி ரெடி’ என்று போட்டிருந்தால் உள்ளே டீகோடர் கிடையாது. அதைச் செருகச் சாக்கெட் மட்டும் இருக்கிறது. ‘டிசிசி ஃபிட்டெட்’ என்றால்தான் டீகோடரோடு வருகிறது. எதுவுமே எழுதாத பழைய எஞ்சினில் ஒயரைச் சால்டர் செய்ய வேண்டும்.

படி 2: சாக்கெட்டைப் பாருங்கள்

மேல்மூடியைக் கழற்றிப் பின்களை எண்ணுங்கள். 6, 8, 21 பின்கள்தான் அதிகம் கண்ணில் படும். புதிய சிறிய எஞ்சின்களில் நெக்ஸ்ட்18 என்ற 18 பின் சாக்கெட் வருகிறது. சாக்கெட்டுக்குப் பொருந்தும் டீகோடரையே வாங்குங்கள். மாற்று அடாப்டர் கிடைக்கும்தான், ஆனால் அது அடைக்கும் 5 மி.மீ. இடத்தில்தான் மூடி உட்காராமல் போகும். காலி இடத்தை ஸ்கேலால் அளந்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 3: மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

சாதாரண 12 வோல்ட் டிசி கொடுத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டுத் தொடரில் இணையுங்கள். ஃப்ளைவீலை (மோட்டார் தண்டில் இருக்கும் கனமான உருளை) விரலால் பிடித்து ஓரிரு வினாடி மட்டும் நிறுத்துங்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டாம், கியர் பாழாகும். மீட்டர் காட்டும் எண்ணைவிட டீகோடர் இடைவிடாமல் தாங்கும் கரண்ட் அளவு அதிகமாக இருக்க வேண்டும். இன்றைய ஓஓ மோட்டார்களுக்கு 1 ஆம்பியர் டீகோடர் பெரும்பாலும் போதும். பழைய மோட்டார் என்றால் அளக்காமல் வாங்காதீர்கள்.

படி 4: மோட்டார் தனியாக இருக்கிறதா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

பழைய டிசி முறையில் தண்டவாளத்து மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போகிறது. அதனால் பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனையை உலோகச் சட்டத்தோடேயே சேர்த்துவிடுவார்கள். ஓர் ஒயர் மிச்சம். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் நிற்கும், மோட்டாரை ஓட்டுவது டீகோடர் மட்டும்தான். மோட்டாரின் ஒரு முனை சட்டம் வழியாகத் தண்டவாளத்தைத் தொட்டால், அந்த மின்சாரம் டீகோடரின் வெளிவாசல் வழியாக உள்ளே பாயும். என்னுடையது அப்படித்தான் செத்தது.

சோதனை எளிது. எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும்) வையுங்கள். மோட்டாரின் ஒரு முனையில் ஒரு கம்பி. மற்றதால் இடப்பக்கச் சக்கரம், வலப்பக்கச் சக்கரம், சட்டம் என்று மூன்றையும் தொடுங்கள். அடுத்த முனைக்கும் அப்படியே. ஆறு முறையும் சத்தம் வரக்கூடாது.

சாக்கெட் உள்ள எஞ்சினில் கம்பெனி செருகி அனுப்பிய வெற்றுப் பிளக்கை முதலில் பிடுங்கிவிடுங்கள். அது மோட்டாரைத் தண்டவாளத்தோடு சேர்க்கத்தான் இருக்கிறது, இருக்கும்வரை பீப் அடிக்கும்.

நான் சோதித்தேன், சத்தமே வரவில்லை. பிறகு எப்படி எரிந்தது? மோட்டாரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு சோதித்திருக்கிறேன்! திரும்ப உள்ளே வைத்து ஸ்க்ரூவை முறுக்கியதும், அந்த ஸ்க்ரூவே மோட்டாரைச் சட்டத்தோடு சேர்த்துவிட்டது. நைலான் ஸ்க்ரூ ஒன்றும் அடியில் கேப்டான் டேப்பும் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) போட்டதும் சரியானது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு இன்னொரு தடவை சோதியுங்கள்.

படி 5: ஒயர் நிறங்கள்

சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது நேர்முனை. எல்இடி என்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். இணைப்பை சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். இன்சுலேஷன் டேப்பைக் கிட்டேயே சேர்க்காதீர்கள், சூட்டில் பசை இளகி மொத்தமும் பிசுபிசுக்கும்.

முதல் டீகோடருக்குச் சத்தம் வேண்டாம் என்பது என் கட்சி. சவுண்ட் டீகோடர் விலை பல மடங்கு, ஸ்பீக்கருக்கும் இடம் தேட வேண்டும். எரிப்பதென்றால் மலிவானதை எரியுங்கள்.

படி 6: புரோகிராமிங் தண்டவாளம்

நேரே மெயின் தண்டவாளத்துக்குப் போகாதீர்கள். டீகோடரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைக்கும் துண்டுதான் புரோகிராமிங் தண்டவாளம். அதில் கரண்ட் கட்டுக்குள் இருக்கும், ஒயரில் தப்பிருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. டீகோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களுக்கு சிவி என்று பெயர். அங்கே சிவி8 எண்ணைப் படியுங்கள். அது தயாரிப்பாளரின் எண்: சிமோ என்றால் 145, ஈஎஸ்யு என்றால் 151. படிக்கும்போது எஞ்சின் லேசாக உதறும். அந்த உதறல்தான் டீகோடர் கொடுக்கும் பதில், பயப்படாதீர்கள். எண் வரவில்லையென்றால் படி 4க்குத் திரும்புங்கள். முகவரி, அதாவது கன்ட்ரோலர் அந்த எஞ்சினை அழைக்கும் எண், ஆரம்பத்தில் 3 ஆக இருக்கும். அதை மாற்ற நான் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம், கணினித் திரையில் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

பின்சேர்க்கை: “வண்டி ஓடுகிறது, ஆனால் பின்னோக்கி, விளக்கும் எரியவில்லை” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 8 பின் பிளக்கைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள். எடுத்துத் திருப்பிப் போடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. ஆரஞ்சு ஒயர் 1ஆம் பின்னுக்கு வர வேண்டும்.

இன்னொன்று: கன்ட்ரோலரைப் போட்டதும் எஞ்சின் தானாகவே முழு வேகத்தில் பாய்ந்தால், அது தண்டவாளத்தைச் சாதாரண டிசி என்று நினைத்துக்கொள்கிறது. சிவி29 மதிப்பு 6 ஆக இருந்தால் 2 ஆக்குங்கள். நீண்ட முகவரி வைத்து 38 ஆக இருந்தால் 34. பழையபடி டிசியில் ஓட்ட நினைத்தால் மட்டும் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும்.