மான் சுடும் டவுனிடம் கணக்குக் கேட்கிறவர்கள் செய்யும் தவறுகள்

நியூஜெர்சியில் வீடு வாங்கிக் குடியேறிய புதிதில் கொல்லைப்புறத்து மானைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதவர் யாரும் இல்லை. அப்புறம் தோட்டத்தில் ஹோஸ்டா செடி மிஞ்சாது, ஒரு நாள் காரின் பம்பரும் போகும். பிறகு ஒரு ஜனவரியில் பூங்கா வாசலில் பலகை தொங்கும்: மான் மேலாண்மை நடக்கிறது, உள்ளே வராதீர்கள். அன்று இரவு வாட்ஸ்அப் குழு பற்றிக்கொள்ளும். யார் சுடுகிறார்கள்? எத்தனை மான்? யார் காசு?

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். நான் மான் குறைப்புக்கு எதிரி இல்லை. மான் கூட்டம் மேய்ந்து முடித்த காட்டில் ஒரு இளமரக்கன்று கூடத் தலைதூக்காமல் கிடப்பதைப் பார்த்தவன். ஆனால் குடியிருப்புக்கு நடுவில், வரிப்பணத்தில், துப்பாக்கியோடு நடக்கிற ஒரு வேலைக்குக் கணக்கு இருக்க வேண்டும், அதை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. ‘ஓப்ரா’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் பொது ஆவணச் சட்டம் 2002-ல் இருந்து நடைமுறையில் உள்ளது. அதை வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கூட்டத்தில் கத்தாதீர்கள், டவுன் ஆவணங்களுக்குப் பொறுப்பான கிளார்க்கிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஜனவரியில் விழித்துக்கொள்வது

பலகை தொங்கும் நேரத்தில் முடிவெல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. 2000-ல் வந்த மாநிலச் சட்டப்படி, வழக்கமான வேட்டை முறைகளுக்கு வெளியே மானைக் குறைக்க நினைக்கும் டவுனோ கவுன்ட்டியோ ஒரு திட்டம் எழுதி மாநில வனவிலங்குத் துறையிடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மீன்-வேட்டைக் கவுன்சிலின் ஒப்புதலும் தேவை. டவுன் கவுன்சிலில் தீர்மானம் வரும், ஒப்பந்தம் கையெழுத்தாகும். இவையெல்லாம் பெரும்பாலும் இலை உதிர்வதற்குள் முடிந்துவிடும்.

தீர்மானம் எங்கே இருக்கும் தெரியுமா? ‘கன்சென்ட் அஜெண்டா’வில். விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் மொத்தமாக நிறைவேறும் பட்டியல் அது. சாலைக்கு உப்பு வாங்குவதற்கும் ஒரு ஊழியரின் ஓய்வுக்கும் நடுவில் மான் ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கும். கூட்ட அறிவிப்பு 48 மணி நேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும் என்பது சன்ஷைன் சட்டம். ஆகஸ்டிலிருந்து அஜெண்டாவைப் படியுங்கள். சுவாரஸ்யமே இல்லாத வேலைதான்.

தவறான வாசலைத் தட்டுவது

சவுத் மவுன்டன் ரிசர்வேஷன் மேப்பிள்வுட், மில்பர்ன், வெஸ்ட் ஆரஞ்ச் ஆகிய மூன்று ஊர்களிலும் பரவிக் கிடக்கிறது. ஆனால் நிலம் எஸ்ஸெக்ஸ் கவுன்ட்டியுடையது. 2008-ல் அங்கே மான் குறைப்பைத் தொடங்கியதும் கவுன்ட்டிதான். மேப்பிள்வுட்காரர் தன் டவுன்ஷிப்பில் மனு போட்டால் “எங்களிடம் அப்படி ஆவணம் இல்லை” என்று பதில் வரும். அது பொய்யில்லை. முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள், அப்புறம் மனு எழுதுங்கள். மாநிலத் துறையிடமும் அனுமதி விண்ணப்பமும் அறிக்கையும் இருக்கும் என்பதால் அங்கே தனியாக ஒரு மனு போடுவது நல்லது. இரண்டு இடத்திலிருந்தும் வரும் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பல விஷயங்கள் தெரியும்.

“மான் சம்பந்தமான எல்லா ஆவணங்களும்”

இதுதான். இந்த ஒரு வரியைப் படித்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

போன பனிக்காலத்தில் ஒரு நண்பர் பெருமையாகத் தன் மனுவைக் காட்டினார். ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுச் சாலை போட வைத்தவர். “அண்ணா, ஒரு ஓட்டை விடல, எல்லாத்தையும் கேட்டுட்டேன்” என்றார். உண்மைதான், ஒன்றையும் விடவில்லை. ‘மான் மேலாண்மை தொடர்பான அனைத்து ஆவணங்கள், மின்னஞ்சல்கள், குறிப்புகள், தகவல் பரிமாற்றங்கள், 2015 முதல் இன்றுவரை.’ அதற்குக் கீழே ஒரு பக்கம் கேள்விகள். ஏன் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கருத்தடை ஊசியை ஏன் பரிசீலிக்கவில்லை? நடை கச்சிதமாக இருந்தது. ஏஐயிடம் எழுதி வாங்கியதாம்.

மளிகைக் கடையில் போய் “சமையலுக்கு வேண்டியதெல்லாம் கொடுங்க” என்று நிற்பது போன்றது அது. கடைக்காரர் என்ன செய்வார்?

ஊர்ப் பழக்கம் இங்கே காலை வாரிவிடுகிறது. அங்கே கேள்வி வடிவில் மனு போட்டுப் பதில் வாங்கியவர்கள் நிறைய உண்டு. ஓப்ராவில் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கிளார்க்குக்குக் கிடையாது. இருக்கிற ஆவணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அதுவும் எந்த ஆவணம் என்று மனுவில் அடையாளம் தெரிய வேண்டும். குடிமகனுக்காக அலுவலகம் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லேயே எம்ஏஜி என்டர்டெயின்மென்ட் வழக்கில் சொல்லிவிட்டது. 2024-ல் சட்டத்தைத் திருத்தியபோது மின்னஞ்சல் கேட்பதற்கான வரையறையை இன்னும் இறுக்கினார்கள். யாருடைய கணக்கு அல்லது எந்தப் பதவி, என்ன விஷயம், எந்தக் காலம், மூன்றும் மனுவில் இருக்க வேண்டும்.

நண்பருக்கு நடந்தது இதுதான். ஏழு வேலை நாளில் பதில் வந்தது: கூடுதல் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் முடிந்ததும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அவர் இன்னும் நீளமாக விளக்கினார். கடைசியில் “மனு மிகவும் பரந்தது” என்று முழுசாக நிராகரிப்பு. அதற்குள் குறைப்பு முடிந்து, பலகையைக் கழற்றி, பூங்காவைத் திறந்துவிட்டார்கள். டவுன் எதையும் மறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சட்டப்படியே நடந்துகொண்டது. அதுதான் கோபம் வரவைக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு சொந்தக்காரர் உண்டு. அதைச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பருவத்துக்கான ஒப்பந்தமும் அதை அனுமதித்த தீர்மானமும். மாநிலத்துக்கு அனுப்பிய அனுமதி விண்ணப்பம். போன பருவம் முடிந்ததும் மாநிலத்துக்குக் கொடுத்த இறுதி அறிக்கை. ஒப்பந்ததாரர் அனுப்பிய பில்கள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை. சுட்ட மானை வெட்டிப் பொதி கட்டிய இறைச்சிக் கூடத்தின் ரசீதுகள். சாலையில் அடிபட்டுச் செத்த மானை அள்ளியதற்கான பில்கள், மாத வாரியாக. மக்காச்சோளம் வாங்கிய பில்.

சோளமா என்று சிரிக்காதீர்கள். மானை ஒரே இடத்துக்கு வரப் பழக்க, சுடுவதற்கு முன்பிருந்தே சோளம் கொட்டுவார்கள். டவுன் பணத்தில் வாங்கியிருந்தால், வேலை உண்மையில் எப்போது தொடங்கியது என்பதை அந்தத் தேதி சொல்லிவிடும். செய்திக்குறிப்பு சொல்லாது.

இறைச்சிக் கூட ரசீதும் அப்படித்தான். எத்தனை மான் என்பதற்கு மூன்று எண் கிடைக்கும்: ஒப்பந்ததாரர் பில்லில் ஒன்று, மாநில அறிக்கையில் ஒன்று, வெட்டியவர் கணக்கில் ஒன்று. மூன்றும் பொருந்தினால் நல்லது, நிம்மதியாகத் தூங்கலாம். பொருந்தாவிட்டால் உங்கள் அடுத்த மனு தானாகவே எழுதிக்கொள்ளும். காயம்பட்டுத் தப்பிய மான் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் இன்னொன்று. ஒப்பந்தம், பில், வவுச்சர், பட்ஜெட் போன்றவற்றைப் பொதுவாக உடனடியாகவே பார்க்கக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அவற்றை மின்னஞ்சல் மனுவோடு சேர்த்துக் கட்டினால், எளிதாக வரவேண்டிய தாளும் கடினமான தாளுக்காகக் காத்துக் கிடக்கும். தனித்தனி மனுவாகப் போடுங்கள். சின்னச் சின்ன மனு. கிளார்க்கும் ஒரு மனிதர், மதியத்துக்குள் முடிக்கக்கூடிய வேலையை முதலில் எடுப்பார்.

“அது ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது” என்றதும் திரும்பி வருவது

வராதீர்கள். அலுவலகத்தின் சார்பில் வெளியாள் வைத்திருக்கும் ஆவணத்தையும் அலுவலகம்தான் வாங்கித் தர வேண்டும் என்பது 2010-ல் பர்னெட் எதிர் குளோஸ்டர் கவுன்ட்டி வழக்கின் தீர்ப்பு. சுடுகிற வேலையைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுப்பது இங்கே புதிதில்லை. பிரின்ஸ்டன் டவுன்ஷிப் 2001-லேயே ஒயிட் பஃபலோ நிறுவனத்தை அமர்த்தியது. வேலை வெளியே போனாலும் கணக்கு டவுனோடுதான் இருக்க வேண்டும்.

“புதிதாகத் தயாரித்துத் தர முடியாது” என்பது இன்னொரு பதில். கணினியில் இருக்கும் தகவலைப் பிரித்தெடுத்துத் தருவது புது ஆவணம் உருவாக்குவது ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் பாஃப் எதிர் கேலோவே டவுன்ஷிப் வழக்கில் சொன்னது. அதை ஒரு வரியில் குறிப்பிட்டு, மரியாதையாக மறுபடி கேளுங்கள்.

வரைவுகளைக் கேட்பது

கிடைக்காது. இறுதிப் பிரதியைக் கேளுங்கள்.

சுட்டவரின் பெயர், வீட்டு விலாசம் கேட்பது

வேண்டவே வேண்டாம்.

எண்ணைப் பார்த்ததும் சண்டைக்குப் போவது

‘ட்ரோன் கணக்கெடுப்பில் இத்தனை மான்’ என்ற வரியை இரண்டு தரப்பும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் அன்று இரவு தெர்மல் கேமராவில் பட்ட மானா, இல்லை அதை வைத்துப் பெருக்கிய மதிப்பீடா? பறந்தது எவ்வளவு பரப்பு? பக்கத்து ஊர்க் காடு அதில் சேர்ந்ததா? முழு அறிக்கையை வாங்கினால் இதெல்லாம் அதிலேயே இருக்கும், அல்லது இல்லாதது தெரியும்.

அதைவிட முக்கியம் ஆண், பெண் பிரிவு. பெண் மான் நல்ல மேய்ச்சலில் வருடத்துக்கு இரட்டைக் குட்டி போடும். ஆண் மான்களை மட்டும் எத்தனை சுட்டாலும் அடுத்த கோடையில் குட்டிகள் குறையாது. திட்டம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மொத்த எண்ணிக்கை போதாது. சுடப்பட்டவற்றில் எத்தனை பெண், எத்தனை குட்டி என்ற அட்டவணை வேண்டும்.

மானைக் குறைத்தால், உண்ணி பரப்பும் லைம் நோயும் குறையும் என்ற வாதமும் இப்படித்தான் அவசரத்தில் வருகிறது. வளர்ந்த உண்ணி மான் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது, உண்மை. ஆனால் கிருமியை உண்ணிக்குக் கொடுப்பதில் பெரும் பங்கு வெண்பாத எலிக்கு. மெயின் மாநிலத்தின் மோன்ஹிகன் தீவில் மானை அடியோடு அகற்றிய பிறகு உண்ணி குறைந்தது. அது தீவு, அங்கே மான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உங்கள் டவுன் “உண்ணி குறையும்” என்று செலவுக்குக் காரணம் சொன்னால், முன்னும் பின்னும் உண்ணியை எண்ணிய அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

தாள் பிரதி வாங்குவது

பக்கத்துக்கு 5 சென்ட். மின்னஞ்சலில் இலவசம்.

45 நாளைப் பேச்சுவார்த்தையில் கரைப்பது

நிராகரித்தால் நீதிமன்றம் போக 45 நாள்தான். ‘கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறோம்’ என்ற நல்ல வார்த்தையில் அது ஓடிவிடும். ஏழு வேலை நாளில் பதிலே வராவிட்டால் அதுவும் நிராகரிப்பாகத்தான் கருதப்படும், அன்றிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அரசு ஆவணக் கவுன்சிலில் முறையிடுவது இன்னொரு வழி. வக்கீல் தேவையில்லை, ஆனால் ஆமை வேகம். நீதிமன்றம் போவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள்: முன்பெல்லாம் ஜெயித்தால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பு கொடுத்தாக வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு அது எல்லா வழக்கிலும் நிச்சயம் இல்லை.

மனுவிலேயே ‘ஓப்ராவின் கீழும் பொதுச் சட்ட (காமன் லா) உரிமையின் கீழும்’ என்று சேர்த்து எழுதிவிடுங்கள். ஓப்ராவில் விலக்கு உள்ள தாள் சிலவற்றுக்கு இரண்டாவது கதவு அது. அதற்கு மட்டும் உங்களுக்கு என்ன அக்கறை என்று சொல்ல வேண்டும். பூங்காவை ஒட்டிக் குடியிருக்கிறேன், குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள் என்று இரண்டு வரி போதும்.

மூன்று நிமிடத்தில் மான் கருணையையும் பேசுவது

கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு, பல ஊர்களில் மூன்று முதல் ஐந்து நிமிடம். அதில் பாதியை மானின் கண்களைப் பற்றிப் பேசிச் செலவழித்தால், மேடையில் இருப்பவர்கள் உங்களை ‘மான் எதிர்ப்பாளர்’ அல்லது ‘மான் ஆதரவாளர்’ பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் எந்தக் கணக்குக் கேட்டாலும் அது கட்சிப் பேச்சாகத்தான் காதில் விழும். பில்லில் இருக்கும் எண்ணைப் படியுங்கள், மாநில அறிக்கையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள், வித்தியாசத்துக்குக் காரணம் கேளுங்கள். இரண்டு தாளின் பிரதியையும் கிளார்க்கிடம் கொடுத்து, கூட்டக் குறிப்போடு இணைக்கும்படி ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.