மாதக்கணக்கில் நின்ற கார், தட்டையான டயர்: அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

2020 மார்ச் கடைசியில் தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்திய காரை ஆகஸ்டில்தான் வெளியே எடுத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் ‘தட் தட் தட்’ என்று அடியில் ஒரு சத்தம். வேகம் கூடினால் தட்டலும் வேகமாகிறது, ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. வழியில் இருந்த டயர் கடையில் காட்டினேன். “நின்னு நின்னு தட்டையாயிடுச்சு சார், நாலையும் மாத்திடுங்க” என்றார் கடைக்காரர். இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றதும் யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

நழுவியது நல்லதாகப் போயிற்று. தரையில் பட்டிருந்த இடம் தட்டையாகிவிட்டது என்று அவர் சொன்னது சரி, மாற்ற வேண்டும் என்றதுதான் தவறு.

1,100 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு போஸ்ட்கார்டு அளவுதான். அந்த இடத்தின் மேல் கால் டன்னுக்கும் அதிகமான சுமை மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. டயர் வெறும் ரப்பரும் இல்லை. உள்ளே துணி இழை, அதன் மேல் எஃகுக் கம்பிப் பட்டை, பல டயர்களில் அதற்கும் மேலே நைலான் சுற்று. ஓடிச் சூடான நைலான், ஆறும்போது எந்த வடிவில் அமுங்கியிருக்கிறதோ அப்படியே இறுகிக்கொள்ளும். மறுபடி சூடேறினால் இளகும். ஓட்டினால் டயர் தானாகவே சூடாகும் என்பதால் பெரும்பாலான தட்டைகளுக்கு வைத்தியமும் ஓட்டுவதுதான்.

அடுத்த நாள் காலையில் காற்றைச் சரிபார்த்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போனேன். (தாம்பரமும் அதே மாவட்டம் என்பதால் மாவட்டம் தாண்ட அப்போது கேட்ட ஊரடங்கு இ-பாஸ் தொல்லை இல்லை.) முதல் சில கிலோமீட்டர் மெதுவாக, பிறகு எழுபதில். கூடுவாஞ்சேரி தாண்டும்போது தட்டல் பாதியாகக் குறைந்திருந்தது. பரனூர் சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பி வந்தபோது ரொம்பக் கவனித்தால்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை ஓட்டியதும் அதுவும் போய்விட்டது. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். குறைந்த காற்றோடு, வெயிலில், சுமையோடு ஒரு வருடம் நின்ற டயரில் தட்டை நிரந்தரமாகவே தங்கிவிடலாம். ஆனால் இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடேற ஓட்டிப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

நேரே வீல் பேலன்சிங்குக்குப் போவதும் வீண் செலவுதான். பேலன்சிங் சரிசெய்வது எடைக் கோளாறை, வட்டக் கோளாறை அல்ல. தட்டையாக இருக்கும்போது ஈயத்துண்டு ஒட்டிவிட்டு வந்தால், டயர் உருண்டைக்குத் திரும்பிய பிறகு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். முதலில் ஓட்டுங்கள். பிறகும் எண்பது, தொண்ணூறில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் அப்போது பேலன்சிங். சேர்த்து அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிடலாம் என்பார்கள். இந்தத் தட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காற்றை ஏகத்துக்கும் ஏற்றி உள்ளிருந்து தள்ளினால் தட்டை நிமிர்ந்துவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. வேண்டாம். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும்; அதைத் தாண்டவே கூடாது. ஓட்டுவதற்கு உங்கள் காரின் அளவு என்ன என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு வைத்தால் போதும். ஓடியபின் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடியிருந்தால் பதறிப்போய் இறக்கிவிடாதீர்கள், அது சூட்டினால் வந்தது. வெந்நீர் ஊற்றுவது, ஹீட் கன் காட்டுவது எல்லாம் டயரைக் கெடுக்கும் வேலை. நைட்ரஜன் அடித்தாலும் தட்டை விழத்தான் செய்யும்.

மேலே சொன்னவை பெரும்பாலும் பணத்துக்குத்தான் கேடு. உயிருக்கு ஆபத்தான தவறு வேறு. டயரில் காற்று முழுதும் இறங்கி, ரிம் பக்கவாட்டு ரப்பரை நசுக்கியபடி மாதக்கணக்கில் கார் நின்றிருந்தால் அது தட்டைப் பிரச்சினையே இல்லை. அங்கே உள் இழைகள் மடங்கி முறிந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். காற்று அடித்தால் டயர் பழையபடி நிமிர்ந்து நிற்கும், நாமும் நம்பி நெடுஞ்சாலை ஏறிவிடுவோம். இப்படி நின்ற டயரை ரிமிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். பக்கவாட்டில் வெடிப்பு, புடைப்பு, சுற்றிலும் ஒரு மடிப்புக் கோடு, உள்ளே ரப்பர்த்தூள், இதில் எது இருந்தாலும் அந்த டயரின் கதை முடிந்தது. இங்கே கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23ஆவது வாரம். பத்து வயதான டயருக்குப் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் மரியாதை செய்து அனுப்பிவிடலாம்.

இன்னொரு வகைத் தட்டையும் உண்டு. பிரேக்கை அழுத்தி, சக்கரம் சுழலாமல் தார்ச்சாலையில் இழுபட்டால் அந்த இடத்தில் ரப்பரே தேய்ந்துபோகும். கையால் தடவினால் தெரியும். அதற்கு எவ்வளவு ஓட்டினாலும் தீர்வில்லை.

சரி, அடுத்த முறை நிறுத்தும்போது? வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு அணைப்பவர்கள் நிறைய. சக்கரம் சுற்றாமல் டயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காரோடு வரும் ஜாக்கியில் தூக்கி மாதக்கணக்கில் விட்டுவைப்பது இன்னும் மோசம். அது ஸ்டெப்னி மாற்றும் நேரத்துக்கு மட்டும் செய்தது, கார் சரிந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே விட்டுவிட்டால், கடலோர ஈரக்காற்றில் பிரேக் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது வண்டி நகராது. சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்தால் போதும்.

நிறுத்தும் முன் காற்றை வழக்கமான அளவைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டி வைப்பேன், அப்போதும் டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்குள்தான். டயரிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும் என்பதால் இது ஒரு முன்சேமிப்பு. வண்டியை எடுக்கும்போது மறக்காமல் குறைத்துவிட வேண்டும். அப்புறம், காரை அவ்வப்போது கொஞ்சம் நகர்த்த வேண்டும். என் டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். ஒன்றரை அடி நகர்ந்தாலே கால் சுற்று. தரையில் படும் இடம் மாறிவிடும். ஊரில் இல்லாதபோது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். டயரில் நான்கு இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகர்த்திவிட்டு, “அங்கிள், இப்போ மூணு” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.