மல்யுத்த வாத்தியார் ஓய்வு பெறுகிறாரா? அவர் உழைப்பை இப்படித் தொகுத்து வையுங்கள்

கோபி, பவானி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் காலமெல்லாம் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார் 60 வயதாகி ஓய்வு பெறப் போகிறார் என்றால், பொன்னாடைக்கு வசூல் செய்வதற்கு முன்னால் அவர் செய்ததையெல்லாம் சேர்த்து வையுங்கள்.

முதலில் பழைய மாணவர்களின் சான்றிதழ்கள். ஆண்டு, ஊர், 14, 17, 19 வயதுப் பிரிவு, எடை என்று எல்லாம் அதிலேயே இருக்கும், வரிசையாக அடுக்கினால் பாதி வரலாறு வந்துவிடும். சான்றிதழை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அசலைக் கேட்காதீர்கள். அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது வேண்டும்.

அப்புறம் பதக்கம் வாங்காதவர்கள். இவர்கள்தான் அதிகம், எனக்கு இவர்கள்தான் முக்கியம். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் இருப்பார்கள், போன் போட்டு முதல் நாள் பயிற்சி எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள்.

முதன்முதலாக விரிப்பில் இறங்கிய பெண் பிள்ளை யார், அவள் வீட்டில் யார் பேசிச் சம்மதம் வாங்கியது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். வாத்தியாரைக் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு கண்ணு" என்பார். அந்தப் பெண்ணின் அம்மாவைக் கேளுங்கள்.

பழைய போட்டோக்கள் கிடைத்தால், அதில் இருப்பவர்களின் பெயரைப் பின்னால் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

பணம் மிஞ்சினால் பள்ளிக்கு விரிப்பு வாங்கலாம். போட்டி விரிப்பு 12 மீட்டருக்கு 12 மீட்டர், அவ்வளவு இடம் இல்லையென்றால் சின்னதே போதும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மழை ஒழுகாத அறை ஒன்றையும் கேட்டுவிடுங்கள்.