ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு: பச்சிளங்குழந்தையுடன் முதல் சில வாரங்கள்

டிஸ்சார்ஜ் என்று சொன்னதுமே பையைக் கட்டும் அவசரம் வந்துவிடும். கொஞ்சம் நிதானியுங்கள். கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிறந்தபோது எடை என்ன, இன்றைக்கு என்ன, மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்திருந்தால் அளவு என்ன, காது கேட்கும் பரிசோதனை முடிந்ததா, எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, அடுத்து எப்போது வர வேண்டும், நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை மில்லி என்று கேட்டால் மட்டும் போதாது, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை உறிஞ்ச வேண்டும் என்று நர்ஸையே உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். நீங்கள் பால் கொடுக்கும்போது அவர் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்கவும் சொல்லுங்கள். ராத்திரி வீட்டில் தவிப்பதைவிட அங்கேயே பத்து நிமிடம் கூடுதலாக இருப்பது எவ்வளவோ மேல்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை யாராவது வந்து சூடு பார்த்தார்கள், பால் குடித்ததா, சிறுநீர் போனதா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த வேலை உங்களுடையது. மலைத்துப்போக வேண்டாம். பால், டயப்பர், தூக்கம், உடம்புச் சூடு, இந்த நான்கையும் விடாமல் கவனித்தால் முதல் வாரங்களில் பெரும்பகுதி ஒழுங்காகப் போய்விடும். மற்றதெல்லாம், துணி மடிப்பது, வீட்டை ஒழுங்குபண்ணுவது, வாழ்த்துச் சொன்னவர்களுக்குப் பதில் போடுவது எல்லாம், காத்திருக்கலாம். ஒரு சின்ன நோட்டோ போனில் ஒரு குறிப்போ வைத்துக்கொண்டு பால் கொடுத்த நேரம், ஈர டயப்பர், மலம் மூன்றையும் குறித்துவையுங்கள். அரைத் தூக்கத்தில் எதுவும் ஞாபகத்தில் நிற்காது, டாக்டர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

பால்தான் முதல் வேலை

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. அதாவது இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்துத்தான். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரைகூடக் குறையலாம். 10 முதல் 14 நாட்களுக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதுவரைக்கும் குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடாதீர்கள், எழுப்பிக் கொடுங்கள். எழுப்பினாலும் கண் திறக்காத குழந்தைக்குப் போர்த்தியதை எடுத்துவிட்டு டயப்பரை மாற்றி, உள்ளங்காலை மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள். பசி வந்த குழந்தை முதலில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கும். அழுகை கடைசியில் வருவது. அழ ஆரம்பித்த குழந்தையைச் சமாதானப்படுத்தி மார்பில் பிடிக்க வைப்பது இரட்டை வேலை.

பிடிப்பு சரியா என்று கிட்டத்தில் பாருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. வாய் கொட்டாவி விடுகிற மாதிரி அகலத் திறந்திருக்க, காம்பு மட்டுமில்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் ஒரு பகுதி உள்ளே போயிருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் பதிந்து இருக்கும். முதலில் வேகமாகச் சப்பிவிட்டு அப்புறம் நிதானமாக இழுத்து இழுத்துக் குடிக்கும், விழுங்குகிற சத்தமும் மெல்லக் கேட்கும். ஆரம்பத்தில் சில நொடி கூசலாம். பால் குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால் பிடிப்பு தவறு. வெடுக்கென்று இழுக்காதீர்கள், குழந்தையின் வாயோரத்தில் உங்கள் சுண்டுவிரலை நுழைத்தால் பிடி விடும், திரும்ப வையுங்கள். பத்து தடவை வைத்து எடுக்க வேண்டி வந்தாலும் செய்யுங்கள், காம்பு புண்ணாகிவிட்டால் அடுத்த ஒரு வாரம் நரகம்.

முதலில் வருவது சீம்பால், கொஞ்சமாகத்தான் இருக்கும், குழந்தைக்கு அந்த நாட்களில் தேவையும் அவ்வளவுதான். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நன்றாக இறங்கும். சாயங்காலத்தில் சில குழந்தைகள் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் “பால் பத்தவில்லை போல” என்பார். அந்த வார்த்தையை நம்புவதற்கு முன் நோட்டைத் திறந்து டயப்பர் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து தினம் ஆறு ஈர டயப்பராவது இருந்தால், மலம் கருப்பிலிருந்து பச்சையாகி நான்கைந்து நாளில் மஞ்சளுக்கு வந்துவிட்டால், எடையும் ஏறினால், பால் பத்துகிறது. கணக்கு குறைந்தால் யோசித்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

பவுடர் பால் கொடுக்க வேண்டி வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம், சுத்தமும் அளவும்தான் முக்கியம். டின்னில் போட்டிருக்கும் கரண்டிக் கணக்கை அப்படியே பின்பற்றுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணீர் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். எந்தப் பால் கொடுத்தாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

மஞ்சள்

மஞ்சள் காமாலை பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது, பெரும்பாலும் தானாகவே போகிறது. நிறைமாதக் குழந்தைக்கு மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும், அதாவது நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு. பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியையோ நெற்றியையோ விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நிறம் கருத்த குழந்தை என்றால் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கிளம்புங்கள். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், அளவு ஏறிவிட்டால் அது மூளையைப் பாதிக்கும், ஆஸ்பத்திரியில் நீல விளக்கு சிகிச்சைதான் தீர்வு. இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் இருந்தால், குறிப்பாக மலம் வெளிறி வெள்ளையாகப் போனால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும், அதனால் மலத்தின் நிறத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

தூக்கம்

எப்போதும் மல்லாக்க. பகல் குட்டித்தூக்கத்துக்கும் அதேதான். சமதளமான, அமுங்காத மெத்தை. தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் கிட்டே வேண்டாம். உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். மல்லாக்கப் படுத்தால் கக்கியது தொண்டையில் அடைத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அப்படி நடப்பதில்லை, மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. அமெரிக்காவில் 1994இல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரசாரம் தொடங்கியபின் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இத்தனை சுலபமாக ஒரு உயிரைக் காக்கும் வழி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி அசந்து தூங்கிவிடுவதுதான் மிக ஆபத்து. கண் சொருகுகிறது என்று தெரிந்ததும் குழந்தையை இன்னொருவர் கையில் கொடுங்கள், ஆள் இல்லை என்றால் அதன் படுக்கையில் விடுங்கள்.

குளியல், தொப்புள்: சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினம் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. தொப்புள்கொடியை உலர்ந்தபடி விட்டுவிடுங்கள், டயப்பரை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்க வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் விழுந்துவிடும். துணி, நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதல் போதும்.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓட வேண்டும்

தும்மல், விக்கல், திடுக்கிட்டுக் கை விரிப்பது, தோல் உரிவது, மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், பால் குடித்ததும் கொஞ்சம் எதுக்களிப்பது எல்லாம் இயல்பு. முதல் நாட்களில் டயப்பரில் செங்கல் நிறக் கறை தெரியலாம், பெண் குழந்தைக்குச் சில துளி ரத்தம்கூடப் போகலாம், அம்மாவின் ஹார்மோன் இறங்குவதால் வருவது அது. மூச்சு, வேகமாக விட்டுவிட்டு ஐந்து பத்து நொடி நின்று மறுபடி தொடங்கும். ராத்திரியில் கேட்டால் உயிர் போய் வரும், ஆனால் இயல்பு.

இனி, காலை வரை காத்திருக்கக் கூடாதவை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது அவசரம்தான், நீங்களாகக் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். உடம்பு சில்லிட்டுப் போய், போர்த்தி அணைத்தும் சூடேறாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து. அமைதியாக இருக்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல், விலா உள்ளே குழிவது, முனகல், 20 நொடி மூச்சு நிற்பது, உதடும் நாக்கும் நீலமாவது, பச்சை நிற வாந்தி, வலிப்பு, தொடர்ந்து இரண்டு மூன்று வேளை பாலை மறுப்பது, தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து வீங்குவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யாரிடமும் யோசனை கேட்காமல் கிளம்புங்கள். போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நல்லதுதான்.

என்ஐசியு என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த குழந்தை என்றால்

மானிட்டர் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு வீட்டின் அமைதி பயமாக இருக்கும். மூச்சு வருகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் எட்டிப் பார்ப்பீர்கள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார் என்றால் குழந்தை தானாக மூச்சு விடுகிறது, பால் குடிக்கிறது, சூட்டைத் தக்கவைக்கிறது என்று பார்த்துத்தான் அனுப்பியிருப்பார். இதை நீங்களே உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுங்கள். வெறும் மார்போடு குழந்தையை அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள், அப்பாவும் செய்யலாம். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்தது இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சிகிச்சை. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை 12 வாரத்தில் இருந்தால், வளர்ச்சியைப் பார்க்கும்போது நான்கு வாரக் குழந்தையாகவே கணக்கிடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனைத் தேதி கொடுத்திருந்தால் அதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பார்வை போகக்கூடிய விஷயம்.

அம்மாவும் அப்பாவும்

அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி ஆறாம் வாரத்தில் உச்சத்துக்கு வரும், அப்புறம் இறங்கும். பால், டயப்பர், சூடு மூன்றும் சரிதான், இருந்தும் வீறிட்டு அழுகிறது, உங்களுக்குத் தலை கொதிக்கிறது என்றால், குழந்தையை மல்லாக்கப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள். அழுகிற குழந்தைக்கு அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

தூக்கத்தைப் பங்கு போடுங்கள். அம்மா பால் கொடுக்கிறார் என்றால் ஏப்பம் எடுப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அப்பாவோ வீட்டில் இருக்கும் வேறு யாரோ செய்யலாம். ஒருவர் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது தூங்கும்படி ராத்திரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்கள் கை கழுவட்டும், இருமலும் சளியும் உள்ளவர்கள் சில வாரம் கழித்து வரட்டும், முகத்தில் முத்தம் வேண்டவே வேண்டாம். உதட்டில் புண் வரும் ஹெர்பிஸ் கிருமி பச்சிளங்குழந்தையின் உயிரையே எடுத்துவிடக்கூடியது. இதைச் சொல்லும் பொறுப்பை அம்மாவின் தலையில் கட்டாமல் அப்பா எடுத்துக்கொண்டால் நல்லது.

அம்மாவின் உடம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, விடாத தலைவலி, கண் மங்குவது, எல்லாமே அவசரம். ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட ஏறலாம். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான அம்மாக்களுக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தெளியும். தெளியாமல், எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் போனால் அது நோய், சிகிச்சை உண்டு, மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லித் தீராது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் பிரசவத்துக்குப் பிறகு முதல் 24 மணி நேரத்தோடு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாட்களுக்குள், ஆறாம் வாரத்தில் என்று அம்மா, குழந்தை இருவரையும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் டாக்டர் கொடுத்த தேதிகளை இதோடு ஒப்பிட்டு, குழந்தைக்கு மட்டும் தேதி இருந்தால் அம்மாவுக்கும் கேட்டு வாங்குங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் தாள், அந்த நோட்டு, ஒரு மாற்று டயப்பர் மறக்க வேண்டாம்.