பழைய ‘அமெரிக்கன் டாப் 40’ கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு வாரம் முன்னணியில் இருந்த நாற்பது பாடல்களை நாற்பதாம் இடத்திலிருந்து முதலிடம் வரை எண்ணிக்கொண்டு போகும் வானொலி நிகழ்ச்சி அமெரிக்கன் டாப் 40. அதன் பழைய பதிவுகள் மறு ஒலிபரப்பாகும்போது, பலர் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். முதல் பத்து இடங்களைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் வெறும் காத்திருப்பு என்பது அவர்கள் கணக்கு. செய்யக்கூடிய தவறுகளில் இதுதான் பெரியது. அந்தப் பத்துப் பாடல்கள் எந்தத் தொகுப்பிலும் கிடைக்கும். அவற்றுக்காக மூன்று, நான்கு மணி நேர வானொலி நிகழ்ச்சியைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. வேறெங்கும் கிடைக்காதது நாற்பதிலிருந்து இருபத்தைந்து வரையுள்ள பகுதி. மூன்று வாரம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போன பாடல், பின்னாளில் கொடிகட்டிப் பறக்கப்போகும் குழுவின் முதல் பாடல், போன மாதம் உச்சியில் இருந்துவிட்டு இப்போது இறங்கிக்கொண்டிருக்கும் பாடல் என எல்லாம் அங்கே அக்கம்பக்கமாக நிற்கும். எது நிலைக்கும், எது மறக்கப்படும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

நிகழ்ச்சி தொடங்கியது 1970 ஜூலை 4 வார இறுதியில், ஏழே ஏழு நிலையங்களில். தொகுத்து வழங்கியவர் கேசி கேசம். கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் குரல் புதிதல்ல: ஸ்கூபி டூவில் ஷேகிக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் அவர்தான். 1988 ஆகஸ்டில் அவர் விலக, ஷாடோ ஸ்டீவன்ஸ் வந்தார். இப்போது மறு ஒலிபரப்பாகிறவை பெரும்பாலும் 1970க்கும் 1988க்கும் இடைப்பட்ட கேசியின் நிகழ்ச்சிகள். கேசி விடுப்பில் போன வாரங்களில் வேறு அறிவிப்பாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். வேறு குரல் கேட்டதும் ஏதோ போலி என்று நிலையத்தை மாற்றிவிட வேண்டாம்.

இதைப் ‘பொற்காலப் பாடல்கள்’ வகை நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இது ஒரு குறிப்பிட்ட வாரத்தின் செய்தித்தாள். அதில் நல்லதும் இருக்கும், கேட்கச் சகிக்காததும் இருக்கும். சகிக்காத பாடலைத் தாண்டிப் போய்விட்டால் அந்த வாரத்தைப் பாதிதான் கேட்டதாக அர்த்தம். 1980 நவம்பர் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனனின் புதிய பாடல் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கும்; ஐந்து ஆண்டு ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்த கலைஞர் என்ற உற்சாகத்தோடு அவரைப் பற்றிப் பேச முடிந்த காலம் அது. டிசம்பர் 8 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பாடல் டிசம்பர் 27 தேதியிட்ட பில்போர்டு இசை இதழின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நமக்கு முடிவு தெரியும், ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்குத் தெரியாது. இந்த இடைவெளிக்காகவே பழைய நிகழ்ச்சியை முழுசாகக் கேட்கலாம்.

ஒரு வார இடத்தை வைத்துப் பாடலின் தகுதியை முடிவுசெய்வதும் சரியல்ல. 1981 டிசம்பர் நிகழ்ச்சிகளில், ஆண்டு இறுதித் தொகுப்பைத் தவிர, எதைப் போட்டாலும் இரண்டாம் இடத்தில் ஃபாரினர் குழுவின் ‘வெய்ட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ’ இருக்கும். பத்து வாரம் இரண்டாம் இடம், ஒரு வாரம்கூட முதலிடம் இல்லை. பெரும்பாலான வாரங்களில் வழிமறித்து நின்றது ஒலிவியா நியூட்டன் ஜானின் ‘ஃபிசிக்கல்’. முதலிடத்தைத் தொட்டு ஒரே வாரத்தில் இறங்கிய எத்தனையோ பாடல்களை விட இந்த இரண்டாம் இடம் கனமானது. இன்னொன்று, நிகழ்ச்சி சொல்வது பில்போர்டு வாராவாரம் வெளியிடும் நூறு பாடல் பட்டியலான ‘ஹாட் 100’இன் மேல் நாற்பதை மட்டும். சாஃப்ட் செல் குழுவின் ‘டெய்ன்ட்டட் லவ்’ 1982 ஜனவரியில் நூறுக்குள் நுழைந்து, நடுவில் கடைசி இடம் வரை சறுக்கி, கோடையில் எட்டாம் இடத்தை எட்டியது. மொத்தம் 43 வாரம் பட்டியலில் இருந்தது. அந்தத் தள்ளாட்டத்தின் பெரும்பகுதி நாற்பதுக்குக் கீழே நடந்தது. நிகழ்ச்சியை மட்டும் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆண்டு இறுதித் தொகுப்புகளிலும் ஒரு பொறி உண்டு. பில்போர்டின் கணக்கு ஆண்டு டிசம்பர் 31 வரை போவதில்லை, நவம்பர் வாக்கில் மூடப்பட்டுவிடும். ‘ஃபிசிக்கல்’ முதலிடத்துக்கு வந்தது 1981 நவம்பர் 21 பட்டியலில். பில்போர்டின் ஆண்டுப் பட்டியலிலோ அது 1982இன் முதல் பாடல். பதிவில் தவறு என்று நினைத்துவிடக் கூடாது.

பட்டியல் எப்படித் தயாரானது என்று தெரியாமல் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. 1991 நவம்பர் வரை ஹாட் 100 என்பது இசைத்தட்டுக் கடைகளும் வானொலி நிலையங்களும் சொன்ன தகவலின் கூட்டுத்தொகை. எந்தத் தட்டு நன்றாக விற்கிறது என்று கடைக்காரர் சொல்வார், எதை அதிகம் போடுகிறோம் என்று நிலையம் சொல்லும். ரசீதை எண்ணியது யாருமில்லை. சொல்கிறவரின் விருப்பு வெறுப்புக்கும், தட்டு நிறுவனங்களின் நச்சரிப்புக்கும் அதில் இடம் இருந்தது. பிறகு கடைகளில் பார்கோடு வழியாக விற்பனையையும், கருவி வழியாக வானொலி ஒலிபரப்பையும் எண்ணத் தொடங்கியதும் பட்டியலின் போக்கே மாறியது. தனித்தட்டாக (‘சிங்கிள்’, அதாவது ஒரு பாடலை முன்னிறுத்தி வரும் தட்டு) விற்பனைக்கு வராத பாடலுக்கு 1998 டிசம்பர் வரை பட்டியலில் இடமே கிடையாது. அதனால்தான் லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எந்த வார நிகழ்ச்சியிலும் வராது. எழுபதுகளின் அமெரிக்க வானொலியில் அது ஓயாமல் ஒலித்த பாடல், ஆனால் அங்கே தனித்தட்டாக விற்கப்படவில்லை. ஒரு பாடல் பட்டியலில் இல்லையென்றால் யாரும் கேட்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். கேசி 1989 முதல் வேறொரு நிறுவனத்துக்காக ‘கேசிஸ் டாப் 40’ நடத்தினார். குரல் அவருடையதுதான், ஆனால் பட்டியல் பில்போர்டுடையது அல்ல. ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ் இதழுடையது. இரண்டு நிகழ்ச்சிகளின் எண்களை ஒப்பிட்டு ‘ஏன் ஒத்துப்போகவில்லை’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. பிரிட்டனின் ‘பிக் ஆஃப் தி பாப்ஸ்’ கதை வேறு. 1955இல் பிபிசியில் தொடங்கி, ஆலன் ஃப்ரீமனால் புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. இன்று பிபிசியின் ரேடியோ 2இல் வருவது பழைய பதிவு அல்ல. பழைய ஆண்டின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு இன்றைய தொகுப்பாளர் புதிதாகப் பேசுவது. நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் அன்றைய வாரத்தின் மூச்சுக்காற்று அதில் வராது, வரவும் முடியாது. அறுபதுகளின் பிரிட்டிஷ் பட்டியல்களே ஒன்றோடொன்று முரண்பட்டவை. பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963இல் ஓர் இதழில் முதலிடம், இன்னோர் இதழில் இரண்டாமிடம்.

பாடல் பாதியில் வெட்டுப்படுவதைப் பதிவின் குறை என்று திட்டுகிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் நிகழ்ச்சி மூன்று மணி நேரம்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் பாடல்கள் நீண்டுகொண்டே போயின. நாற்பதையும் மூன்று மணி நேரத்துக்குள் அடைக்கக் கத்தரி போட வேண்டியிருந்தது. 1978 அக்டோபரில் நிகழ்ச்சி நான்கு மணி நேரமானது இதனால்தான். ஆகவே 1977 நிகழ்ச்சியில் கேட்கும் குட்டைப் பாடல் அன்று நேயர்கள் கேட்ட அதே குட்டைப் பாடல். அதைப் பதிவுசெய்து அசல் பாடலாகச் சேமித்துவைக்காதீர்கள். நான்கு மணி நேர நிகழ்ச்சியின் முதல் மணி நேரத்தை விட்டுவிட்டு ஒலிபரப்புகிற நிலையங்களும் இருக்கின்றன. நாற்பதாம் இடத்திலிருந்து இல்லாமல் முப்பதாம் இடத்தை ஒட்டித் திடீரென்று தொடங்கினால் இதுதான் காரணம். நாற்பதும் வேண்டுமென்றால் முழுசாகப் போடும் நிலையத்தைத் தேடுங்கள்.

விளம்பரத்துக்கு முன்னால் எழுந்து போகாதீர்கள். கேசியின் வித்தையே அங்குதான். ‘இந்தப் பாடகர் ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா?’ என்ற வகையில் கொக்கி போட்டு நிறுத்துவார். விடை இடைவேளைக்குப் பிறகு வரும். பாடல் மட்டும் போதும் என்று பேச்சைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் நிகழ்ச்சியின் உயிரைத் தள்ளுகிறார்கள். தொலைவில் இருப்பவருக்குப் பாடலை அர்ப்பணிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் 1978இல் சேர்ந்தன. சில உருக்கும், சில வலிந்து உருக்கப் பார்க்கும். அவற்றைக் கேலி செய்வது சுலபம். எண்பதுகளின் அமெரிக்க வீடுகளுக்குள் எட்டிப்பார்க்க அவற்றைப் போல நல்ல ஜன்னல் இல்லை என்பேன்.

இதே கடிதங்களால்தான் நிகழ்ச்சியின் புகழ்பெற்ற சினமும் வெடித்தது. 1985இல் ஸ்னகில்ஸ் என்ற செத்துப்போன நாய்க்காக ஒரு பாடல் கேட்டுக் கடிதம் வந்தது. துள்ளலான பாடலுக்கு அடுத்தபடியாக அதை வைத்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கேசி கெட்ட வார்த்தைகளால் குழுவினரை வறுத்தெடுத்தார். அந்த நாடா பின்னால் வெளியே கசிந்து பரவியது. அதைக் கேட்கும் ஆசையில் அந்த வாரத்தின் மறு ஒலிபரப்புக்குக் காத்திருப்பது வீண் வேலை. நிகழ்ச்சி முன்கூட்டியே பதிவாகி, வெட்டி ஒட்டி, தட்டுகளாக நிலையங்களுக்குப் போனது. வானில் ஏறியது மென்மையான குரலில் படித்த கடிதம் மட்டும்.

கேட்பதற்கு முன் அந்த வாரப் பட்டியலைத் தேடிப் பார்க்காதீர்கள். முதலிடம் எது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பாதிச் சுவை போயிற்று. கேட்டு முடித்துப் பிறகு பாருங்கள். ஒவ்வொரு வார இறுதியிலும், ஏதாவதொரு ஆண்டில் இதே நாட்காட்டி வாரத்தில் வந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். இந்த வாரம் 1974 என்றால் அடுத்த வாரம் 1979 ஆக இருக்கலாம். தொடர்கதையாக எதிர்பார்க்க வேண்டாம். நேரக் கணக்கிலும் கவனம் தேவை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை நண்பகல் என்பது இந்திய நேரப்படி நமக்கு இரவு 9.30 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அது 10.30 ஆகிவிடும். சில நிலையங்களின் இணைய ஒலிபரப்பு அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது. ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று நிலையங்களைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.