கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையிடம் பேச

பதின்வயதுப் பிள்ளை கோபத்தில் கதவை அறைந்து சாத்தினால், உடனே பின்னாலேயே போய்த் தட்டாதீர்கள். தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். கொதிப்பில் இருக்கும்போது அறிவுரை காதில் ஏறாது.

கொஞ்சம் ஆறியதும் உணர்வுக்குப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தோழிகள் விட்டுவிட்டுப் போன அன்று என் மகளிடம், "அவமானமா இருந்துச்சா?" என்றேன். "இல்லம்மா, பொறாமை" என்று திருத்தினாள். பிள்ளை திருத்தினால் நல்லது, பேச்சு தொடங்கிவிட்டது. முகத்தையே பார்த்துக்கொண்டு விசாரிக்க வேண்டாம். துணி மடித்துக்கொண்டே கேளுங்கள், இன்னும் சொல்வார்கள்.

சரி, கதவை அறைந்தது? அதை விட்டுவிடக் கூடாது. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களிலேயே அன்பும் உறுதியும் சேர்ந்த வளர்ப்பைத்தான் சிறந்ததாகக் கண்டார். "கோபப்படு, அறையாதே" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள்.