தேவாங்கைத் தேடும்போது சிவப்பு வெளிச்சம்

நுவரெலியா, ஹக்கல பக்கம் இருட்டிய பின் காட்டோரமாக நடப்பவர்களுக்கு: டோர்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றி இறப்பர் பட்டி போட்டுவிடுங்கள். டோர்ச்சை நெற்றி மட்டத்தில் பிடித்து, கிளை கிளையாக மெதுவாகப் பாருங்கள். செம்மஞ்சளாக இரண்டு புள்ளிகள் நெருக்கமாக மின்னி, அசையாமல் உங்களையே பார்த்தால் அது தேவாங்காக இருக்கலாம். மலைநாட்டுத் தேவாங்குக்குக் கை கால் குட்டை, உரோமம் அடர்த்தி. ஹோர்ட்டன் சமவெளியில் அதை முதன்முதலாகப் படம் பிடித்ததே 2009இல்தான். (அந்தச் சமவெளி ஒரு தேசியப் பூங்கா, அதற்குள் இரவில் போக முடியாது.) வெள்ளை வெளிச்சம் வேண்டவே வேண்டாம், பாவம், அந்தப் பெரிய கண்கள் கூசிப்போகும். பிளாஷும் அடிக்காதீர்கள், கிளையை உலுக்காதீர்கள். சிறுத்தை நடமாடும் இடம் என்பதால், வழி தெரிந்த தோட்டத்து அண்ணன் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.